கைப்பைக்குள் ஒட்டிய பொட்டு

சிங்களவர் நிறைந்த எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்தோம். பஸ் ஏறுமுன் அம்மா தன் பொட்டையும் அக்காவின் பொட்டையும் என் பொட்டையும் பிய்த்துக் கைப்பையின் உள்பக்கம் வரிசையாக ஒட்டிவிடுவாள். இறங்கும்வரை வாயில் தமிழ் வரக்கூடாது. வந்தால் தொடையில் கிள்ளு விழும். எனக்கு எட்டு வயது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அக்காவைத் துணிக்கடை வேலைக்கு விட்டுவிட்டு வரக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பஸ்ஸில் அக்காவின் கையை விடாமல் பிடித்திருந்தேன். இறங்கியதும் அதுகூட மறந்து வாயைப் பிளந்துவிட்டேன். தெரு முழுக்கத் தமிழ், அதுவும் தொண்டை கிழிய. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருத்தி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தாள். கோயில் மணிக்கு நடுவே பள்ளிவாசல் பாங்கு கேட்டது. தொப்பி போட்ட முஸ்லிம் நானா ஒருவர் சிங்களப் பெண்ணிடம் சிங்களத்தில் பேரம் பேசி முடித்து, அதே மூச்சில் எங்களைத் தமிழில் கூப்பிட்டார். போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றார். யாரும் யாரையும் கிள்ளவில்லை.

அம்மா வடை வாங்கச் சொன்னாள். பழக்கதோஷத்தில் நான், “வடே துனக் தென்ன” என்று சிங்களத்தில் கேட்டேன்.

வடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தமிழ்ப் புள்ளதானே நீ? யாருக்கும்மா பயப்புடுற?”

மனுஷன் ஊரறியச் சொல்லிவிட்டாரே என்று தொடையைப் பொத்திக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நடுத்தெருவில் கைப்பையைத் திறந்து அக்காவின் நெற்றியிலும் தன் நெற்றியிலும் பொட்டை ஒட்டிவிட்டு என் நெற்றிக்கு வந்தாள்.

“மூணு வடை குடுங்கண்ணே” என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கடை வாசலில் அக்கா பொட்டோடு நின்று கையசைத்தாள். திரும்பும் பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஊருலயே கார்மென்ட் கம்பனில வேல இருக்குதானே. ஏம்மா அக்காவ இவ்வளவு தூரத்துல விட்டீங்க?”

தமிழிலேயே கேட்டுவிட்டேன். “கத கரன்ன எபா” என்று அம்மா அதட்டினாள், பேசாதே என்று, சிங்களத்தில். கிள்ளும் விழுந்தது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வருகிற கல்நெஞ்சுக்காரி என்று அப்போதே முடிவு கட்டினேன்.

பிறகு அவள், ஏறுமுன் எடுக்காமல் விட்ட தன் பொட்டையும் என் பொட்டையும் பிய்த்துப் பைக்குள் ஒட்டினாள். நடுவில் அக்காவுடைய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறும் இடத்தை விரலால் தடவித் தடவி அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.