இன்ஜினுக்கு வைத்த பொட்டு

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என் ஓசூர் பட்டறையில் சீராக ஓடும். வெளியே போனால் எப்போதாவது மிஸ்ஸிங் அடிக்கும். பிளக், காயில் மாற்றியும் தீரவில்லை. உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கிருஷ்ணகிரி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். தூறல் பிடித்தது. இன்ஜின் திணறி நடுரோட்டில் அணைந்தது. பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். லாரி உரசாமல் விலகிப் போனது.

காரை ஓரம் தள்ளி, அவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் மூடியில், ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் ஈரத்தில் ஊறியிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் அதன்மேல் கசிந்து நீலப் பொறியாக ஓடியது.

இறங்கி வந்தவர், "நீங்க வெச்ச பொட்டுதாங்கண்ணா நம்மளக் காப்பாத்துச்சு" என்று அதைக் கும்பிட்டார்.

"ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். இப்போதும் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அந்த ஹாரன்தான் கேட்கிறது.