வேலைக் கடிதத்தில் விட்டுப்போனது

மகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த அக்காவுக்கு, எல்லாம் சட்டப்படி இருக்கட்டும் என்று வேலைக் கடிதம் எழுதியது நான்தான். வங்கியில் சம்பளம், ஞாயிறு லீவு, தீபாவளி போனஸ். குழந்தை பள்ளியில் சேரும் நாளோடு வேலை முடியும் என்றும் ஒரு வரி. ஒரு பேச்சுக்குப் போட்டது. படித்துக் காட்டினேன். "சரிம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

மகள் பள்ளியில் சேர்ந்த மறுநாள் அக்கா வரவில்லை. போன் செய்தேன்.

"நீதானம்மா எழுதினே. ஆதம்பாக்கத்துல வேற வூட்ல வேலைக்கு சேந்துக்கினேன். இங்க பாத்துக்க ஒரு பையன் கீறான்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பள்ளி விட்டு வந்ததும் மகள் பையைக்கூட இறக்காமல் சமையலறைவரை போய்ப் பார்க்கிறாள். நானும் கூடவே பார்க்கிறேன். அத்தனையும் எழுதிய எனக்கு, சும்மாவாவது வந்து போங்கள் என்று எழுதத் தோன்றவில்லை.