உள்ளாள் சவரிமுத்துவின் குரல்

சவரிமுத்துவுக்குக் குரல் போய்விட்டது என்று பொன்மலைக் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. ஊருக்கு என்ன, பேசுவதற்குக் காசா பணமா! வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி லூர்துராணிக்கு அல்லவா தெரியும் அந்தத் தவிப்பு. ரயில்வே கூடத்துக் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அன்றைக்கு மேடையில் குரல் தாங்கினால் மனுஷன் பிழைத்தான். தாங்காவிட்டால் இனி ஆயுசுக்கும் பாடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டான். சொன்னதைச் செய்கிற ஆள். அவளுக்கு அதுதான் பயம்.

பகலில் அவன் பாட்டுக்காரன் இல்லை. பாலக்கரையில், அரிசி ஆலைகளுக்குக் கொதிகலன் செய்கிற ஒரு பட்டறையில் ‘உள்ளாள்’. கொதிகலன் என்றால் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்புப் பீப்பாய். தகடுகளைச் சேர்க்க, பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணியை ஓட்டையில் செருகி, வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் அறைவார்கள். பீப்பாய்க்குள் ஒருவன் குந்திக்கொண்டு, ரிவிட் நழுவாமல் கனத்த இரும்பால் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அவன்தான் உள்ளாள். இருபது வருஷத்துக்கு மேல் சவரிமுத்து குந்திய இடம் அது.

அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது. எல்லாம் கைஜாடைதான். வெளியே என்ன நடக்கிறது என்று உள்ளாளுக்குத் தெரியாது, பீப்பாயின் வாயில் நிற்கிற மருதை கையைக் காட்டுவான். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமுக்கினால் ‘அழுத்தாதே, தளர்த்து’. முஷ்டியை நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினால் ‘ரிவிட் பிடித்துக்கொண்டது, விடு’. அந்தக் கையை நம்பித்தான் உள்ளாளுக்கு விரல்கள் பத்தும் மிச்சம்.

இப்பேர்ப்பட்டவன் ராத்திரியானால் கோட்டு மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடினான் என்றால் யார் நம்புவார்கள்? கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவனை, பியானோ வாசிக்கிற பேட்ரிசியா அம்மாள் தன் பேண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரயில்வே குடும்பத்துச் சட்டைக்காரப் பெண்மணி, அதாவது ஆங்கிலோ இந்தியக்காரி அவள். பாதிப் பாட்டுக்கு அர்த்தம் தெரியாமலே இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினான். ராக் அண்ட் ரோல் என்று ஒன்று வந்தபோது அவன் வயதுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவனோ நாற்பதைத் தாண்டியவன், வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக அதில் குதித்தான். மைக்கே இல்லாமல் கூடத்தின் கடைசிச் சுவரில் போய் மோதும் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் லூர்துராணி கழுத்தை நீட்டினாள். அவனிடம் வேறு என்ன இருந்தது, கருகிய கையையும் கரி படிந்த சட்டையையும் தவிர!

போன வருஷம் பேட்ரிசியாவின் அக்கா மகன் மதராஸிலிருந்து கரண்ட் கிட்டார் வாங்கி வந்தான். அதிலிருந்துதான் பிடித்தது சனியன். “என் குரல் எனக்கே எட்டலடி ராணி” என்று ஆரம்பித்தான். எட்டவில்லை என்று கத்தினான். கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. போன ஈஸ்டர் டான்ஸில் மூன்றாவது பாட்டிலேயே குரல் கிழிந்து, சனம் சிரித்துவிட்டது.

“என்ன மேன் சவரி, காக்கா மாதிரி ஆயிட்டே?” என்றாள் பேட்ரிசியா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. “கிறிஸ்துமஸுக்கு ஒரு சான்ஸ் தர்றேன். அப்பவும் இப்படின்னா பையன் பாடட்டும். என்னைத் திட்டாதே மேன்.”

தென்னூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “தொண்டையில ஒரு கோளாறும் இல்லம்மா. கத்தாம இருக்கச் சொல்லுங்க. இன்னும் கத்தினா நிஜமாவே கிழிஞ்சுபோகும், அப்புறம் யாராலயும் ஒட்ட முடியாது.” கோளாறு இல்லாமலா மனுஷன் இப்படித் தவிக்கிறான் என்று லூர்துராணிக்கு ஆத்திரமாக வந்தது. சித்தரத்தை, பனங்கற்கண்டு, பச்சை முட்டை எல்லாம் ஆயிற்று. ஒரு மாசம் மௌனமும் இருந்து பார்த்தான். அந்த ஒரு மாசமும் வீட்டில் பட்டறை ஜாடைதான். சோறு போதும் என்பதற்குக்கூட நெஞ்சில் குத்திக்கொள்வான். அவளும் பழகிக்கொண்டாள்.

கடைசியாக மருதை ஒரு யோசனை சொன்னான். “பாகவதருங்க எல்லாம் மார்கழியில கழுத்தளவு தண்ணியில நின்னு சாதகம் பண்ணுவாங்க அண்ணே. குரல் தானா தெறந்துக்கும்.” தண்ணீரில் விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கத்தானே செய்வான். மறுநாள் விடியலில் அவனும் லூர்துராணியும் பஸ் ஏறி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் இறங்கினார்கள். நாமம் போட்டவர்களும் ஈரப்புடவைக்காரிகளுமாகப் படித்துறை நிறைந்திருந்தது. கழுத்தில் சிலுவையோடு சவரிமுத்து குளிர்ந்த காவிரிக்குள் இறங்கிக் கழுத்தளவில் நின்று, வாயைத் திறந்தான்.

லூர்துராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே குரல்! கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். தண்ணீர் மேல் உருண்டு எதிர்க்கரைக்குப் போயிற்று. படித்துறையே திரும்பிப் பார்த்தது. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயங்கார் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, “யாருங்காணும் அது? அக்கரை வரைக்கும் அலர்றாரே! பெருமாள் பதறி எழுந்துண்டுடப் போறார்!” என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சவரிமுத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாட்டை நிறுத்தினான். கரையேறி வந்தவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குளிரால் இல்லை.

“வரல ராணி. ஒண்ணுமே வரல. பாத்தியா?”

என்ன சொல்கிறான் இவன்? இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள். பின்னால் ஒரு குதிரைவண்டி மணியைக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டு வந்தது. அவள் ஒதுங்கினாள். அவன் நடுரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தான். “யோவ், செவிடா!” என்று வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்து வைதான். குதிரையின் மூச்சு தோளில் பட்டபிறகுதான் சவரிமுத்து துள்ளி விலகினான்.

மாதாவே! லூர்துராணிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. பால்காரன் மணிக்கு அவன் எழுந்து போய் எத்தனை நாளாயிற்று? பூசையில் மணி அடித்தால் அவளைப் பார்த்துத்தானே முழங்கால் போடுகிறான்? டாக்டர் சொன்னது பொய்யில்லை. குரல் எங்கேயும் போகவில்லை. போனது காது. காது போனது தெரியாமல், இருக்கிற குரலைக் கத்திக் கத்திக் கிழித்துக்கொண்டிருக்கிறான் பாவி மனுஷன்.

சொல்லாமல் இருக்க முடியுமா? பட்டறையில் காது மந்தமானவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் விழுங்கினாள். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

“உங்க குரல் நல்லாத்தாங்க இருக்கு. உங்களுக்குத்தான் காது கேக்கல.”

தட்டு சுவரில் போய் விழுந்தது. “என்னைச் செவிடங்கிறியா? நீயுமா?”

“ஆமா, செவிடுதான்! நான் சொல்லாம யாரு சொல்றது? டான்ஸுல போய்க் கத்துனீங்கன்னா இருக்கிறதும் போயிடும். டாக்டர் சொன்னாரு இல்ல?”

அவன் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. ஜாடையும் இல்லை.

டான்ஸ் நாள் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனான். அந்தக் கூடத்தில் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கவுன் போட்டவர்கள் கட்டிப்பிடித்து ஆடுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று இருந்தவள். அன்றைக்கு வெட்கமாவது ஒன்றாவது! கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வாசலில் மறித்தவனைப் பேட்ரிசியாவே அதட்டி, அவளை உள்ளே விட்டாள்.

சவரிமுத்து மேடையில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. கரண்ட் கிட்டார் வீறிட்டது, டிரம் இடித்தது. அவன் எடுத்த எடுப்பிலேயே கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது அடியில் குரல் கரகரத்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிட்டார் வாசித்த பையன் பேட்ரிசியாவைப் பார்த்தான். அடுத்த அடியில் குரல் ஓரிடத்தில் அடியோடு நின்று, மறுபடி வந்தது. லூர்துராணிக்கு உயிரே போய் உயிர் வந்தது.

ஆடுகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு நேர் முன்னால் போய் நின்றாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமுக்கினாள்.

அவன் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் கத்தினான்.

அவள் விடவில்லை. மறுபடி அமுக்கினாள். அழுதுகொண்டே அமுக்கினாள். யாரோ “யார் இந்தப் பைத்தியம்?” என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சவரிமுத்து மறுபடி அந்தக் கையைப் பார்த்தான். இருபது வருஷமாகப் பீப்பாய்க்குள் இருந்து அவன் பார்த்துப் பிடித்ததும் விட்டதும் அப்படியொரு கையைத்தானே. அவன் தோள் இறங்கியது. அழுத்தத்தை விட்டான்.

குரல் கிறீச்சிட்டது, கரைந்தது, பிறகு வந்தது. ஐயோ, எப்படி வந்தது! முதலில் மெல்ல, பிறகு அடிவயிற்றிலிருந்து, கிட்டாருக்கு மேலே ஏறிக் கடைசிச் சுவரில் போய் மோதியது. ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, இல்லை என்று பொய் சொல்வானேன். ஆடியவர்கள் நின்றுவிட்டுக் கேட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்தான். குரல் கத்தலாக ஏறினால் அமுக்கினாள், நிதானத்தில் நின்றால் சும்மா இருந்தாள். பாட்டு முடிந்ததும் புருவத்தைத் தூக்கிக் கேட்டான். லூர்துராணி முஷ்டியை மடக்கி நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. பேட்ரிசியா பியானோவை விட்டு எழுந்து விசில் அடித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். கடைத்தெரு விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றான்.

“பழைய மாதிரி இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்குக் கேக்கல ராணி” என்றான். தன் வாயால் அதை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. “இனிமே கேக்கவும் கேக்காது, இல்ல?”

இதற்கு அவள் என்ன பொய் சொல்வாள்? அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எனக்குக் கேட்டுச்சுங்க!” என்று பொன்மலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.