ஐந்தாவது ஆளின் ரேகை

அந்தப் புத்தகத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. மையில் பதிந்ததில்லை; வெள்ளி நிறம். நிதித் தேர்வுக்காக நான் வாங்கிய எத்திக்ஸ் புத்தகம் அது, அதாவது தொழில் நெறிப் பாடம். வாடிக்கையாளரிடம் எதையெல்லாம் மறைக்கக் கூடாது என்று சொல்லும் பத்தியின் மேல், சற்றே சாய்ந்து விழுந்திருக்கிறது அந்த ரேகை. துணியால் துடைத்தாலும் போகாது. ஒரே ஒரு முறை துடைத்துப் பார்த்தேன். அப்படித் துடைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை. ஆள் பதிவேடு என் பொறுப்பு. எந்த அறையில் யார் என்று காலையில் நான் பெயரெழுதி வைக்க வேண்டும். ஒன்பதரை மணி டீக்கு வருகிறவர்கள், ஜன்னல் பலகையில் கிடக்கும் பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டுப் போவார்கள். மருந்து கலக்கும் அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்று சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். சீசன் வந்தால் ஐந்தாவதாக ஓர் ஆள் உட்காருவார். அந்தப் பெயரை மட்டும் பேக்கிங் அறையில் எழுதச் சொல்வார் போர்மேன் அண்ணாச்சி. நானும் எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினாராம், எனக்கென்ன வந்தது என்று இருந்தேன்.

அந்த ஐந்தாவது ஆள், மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அம்மாள். எனக்கு உறவில்லை; கம்பெனியில் எல்லோருக்குமே அவர் அத்தை. அலுமினியப் பவுடர் ஏறிய கை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் மினுங்கும். மைப்பெட்டியைத் தொடவே மாட்டார். “எனக்கெதுக்குத்தா மை? ஆண்டவன் கையிலயே தடவி விட்டிருக்கான்” என்பார். பதிவேட்டில் அத்தனை நீல ரேகைகளுக்கு நடுவே அவருடையது மட்டும் வெள்ளியாகத் தெரியும்.

தேர்வுக்குப் படிக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்போது ஒரே சண்டை. எத்திக்ஸை முதலில் படிப்பதா, கடைசியிலா? முதலில் படித்தால் தேர்வுக்குள் மறந்துவிடும், கடைசி மாதம் படித்தால் மனதில் நிற்கும் என்பது என் கட்சி. பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. மற்ற பாடமெல்லாம் முடித்து, தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில்தான் அந்தப் புத்தகத்தை முதன்முதலாக ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

அன்று டீ நேரத்தில் மற்றவர்கள் ரேகை வைத்து முடித்ததுமே பதிவேட்டைச் சரிபார்க்க அண்ணாச்சி எடுத்துப் போயிருந்தார். அது கிடக்கும் இடத்தில் என் புத்தகம் விரிந்து கிடந்தது. அத்தை வந்தார், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். எது சரி, எது தப்பு என்று சொல்லும் பாடம், இதைக் கடைசியில்தான் படிப்பது என்றேன்.

“அதைப் போயி கடைசியிலயா படிப்பாக?”

“முன்னாடியே படிச்சா மறந்துரும் அத்தை.”

அத்தை சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், விரிந்து கிடந்த பக்கத்தில் பெருவிரலை ஊன்றிவிட்டார். ஐயையோ என்று நான் தலையில் கை வைக்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பதிவேட்டில் நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணி இருக்கும். ஜன்னல் கண்ணாடி உள்ளே வந்து விழுந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது போல ஞாபகம். மருந்து அறை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகை. நான்கு பேரைத் தூக்கி வந்தார்கள். தீயணைப்பு ஆட்களிடம் அண்ணாச்சி பதிவேட்டைக் காட்டினார். மருந்து அறைக்கு நேரே நான்கு பெயர், நான்கு ரேகை. பேக்கிங் அறை வரிசையில் அத்தையின் பெயர். ரேகைக் கட்டம் காலி. “அந்தம்மா இன்னைக்கு வேலைக்கே வரலை” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பெயரை அங்கே எழுதியது என் கை. ஆபீஸுக்குள் போனேன். புத்தகம் அப்படியே விரிந்து கிடந்தது. பக்கமெங்கும் கண்ணாடித் தூள். ரேகையின் மேல் மட்டும் ஒரு துணுக்குகூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். அப்புறம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன், உள்ளே இன்னோர் ஆள் இருக்கிறார் என்று.

இடிந்த பின்சுவருக்கு அடியில் அத்தை கிடந்தார். உயிர் இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அதுவும் போனது. முன்னாடியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. போலீஸில் பதிவேட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போயிற்று. தேர்வில் தேறினேன். இருப்பதிலேயே எத்திக்ஸில்தான் நல்ல மதிப்பெண். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

இப்போது விருதுநகரில் அதே தேர்வுக்கு வகுப்பெடுக்கிறேன். எத்திக்ஸை எப்போது படிப்பது என்று கேட்காத பிள்ளை இல்லை. முதல் நாளே என்பேன், காரணம் சொன்னதில்லை. சீசன் மாதங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ரேகை ஈரமாகத் தெரியும். தொட்டால் என் விரலும் மினுங்கும், வீடு போய்ச் சேரும்வரை போகாது. சென்ற வாரம் ஒரு மாணவி அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பட்டென்று மூடப் போனாள். நான் யோசிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது.

“மூடிராதத்தா. உள்ள ஆளு இருக்காக.”