என் பெயர் மட்டும் வெளியே போகவில்லை

காசநோய்க்கு இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு, இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இன்று காலை காவேரிப்பட்டினத்தில் மறுபடி கம்பெனி பஸ் ஏறினேன்.

என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. கிருஷ்ணகிரியில் ஏறியவர்கள் சூளகிரி தாண்டியும் நின்றுகொண்டே வந்தார்கள்.

நாலு வருடமாக என் டப்பாவிலேயே கை வைத்துச் சாப்பிடும் ஸ்டெல்லாவும் நின்றாள். ஏன் என்று கேட்டேன். போனை நீட்டினாள்.

நோய்த் தடுப்பு ஆப்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் வந்த செய்தி: ‘ஆறாம் நம்பர் சீட்டில் வந்தவருக்குக் காசநோய். உடன் பயணித்தவர்கள் சளிப் பரிசோதனைக்கு வரவும்.’

“ஆறாம் நம்பர்ல உன்ன விட்டா யாருடி உக்காருவா? எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

நோய் தெரிந்ததும் விசாரிக்க வந்த சுகாதாரப் பணியாளர் அக்காவிடம், பஸ்ஸில் கூட வருகிறவர்கள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னவள் நான்தான். நாலு பேர் நல்லா இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். “உம் பேரு வெளிய போவாதும்மா” என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த அக்கா அதையெல்லாம் ஆப்பில் ஏற்றினார்.

இறங்கியதும் அவருக்குப் போன் போட்டேன்.

“பேரு எங்கம்மா போட்டோம்? வெறும் சீட்டு நம்பருதான?”

‘பரிசோதனைக்கு வாங்க’ என்று மட்டும் எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டார்களா?

நாளைக்கு உங்களுக்கு இப்படி ஒரு நோய் வந்து, கூட வருகிறவர்கள் யார் என்று உங்களிடம் கேட்டால், நீங்கள் உண்மையைச் சொல்வீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். ஏழாம் நம்பர் சீட்டில் உட்கார்ந்தே யோசிக்கலாம், காலியாகத்தான் இருக்கிறது.