ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்பவள்

2009 ஒக்டோபர், சனிக்கிழமை. காலை ஆறரைக்கு வாகரையில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு அறுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல். ரிக்கற் எண்பது ரூபாய். இறங்கிய கையோடு கொழும்பு பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். ஓரிடத்தில் கால் தரிக்காதவள் நான். சுனாமி உடைத்த பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

மாங்கேணியில் ஏறிய சுகந்தி என்ற பெண் என் பக்கத்தில் அமர்ந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். அடுத்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அவள் பையிலிருந்து வயரோடு ஒரு சாமானைச் சிப்பாய் தூக்கிப் பிடிக்க, நான் ஓரடி பின்வாங்கினேன். அவளோ "கேம், கேம்" என்று இரண்டு பெருவிரல்களையும் ஆட்டிக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டான்.

பஸ் புறப்பட்டதும், அது கணினி விளையாட்டை இயக்கும் கைக்கருவி என்று சொல்லி, தன் தொழிலையும் சொன்னாள். வாழைச்சேனையில் ஒரு கேம் கடையில், தனியே வருகிறவர்களோடு கணினியில் கால்பந்து ஆட வேண்டும். சுனாமி முகாமுக்கு யாரோ கொடுத்த கணினியில் பழகியதாம்.

"விளையாடுறதுக்குச் சம்பளமா? குடுத்துவச்சவள்!" என்றேன்.

"தோக்கிறதுக்குத்தான் சம்பளம் அக்கா. நான் வெண்டா, காசு குடுத்து விளையாட வந்த ஆள் எழும்பிப் போயிரும். கனக்கத் தோத்தா, வேணுமெண்டு விட்டனெண்டு கோவிப்பாங்க. ஒரு கோல்ல தோக்கோணும். முதலாளி சொல்லித்தான் வச்சிருக்கார்."

"இப்ப எங்க போறீங்க?"

"டவுன்ல போட்டி. முதல் பரிசு கொம்பியூட்டர். கிடைச்சா ஊரில நானே கடை போடுவன். இண்டைக்கு வெல்லத்தான் வாறன்."

கொழும்பு பஸ்ஸாவது மண்ணாவது என்று அவளோடு போட்டி மண்டபத்துக்குப் போனேன்.

மத்தியானம் இறுதி ஆட்டம். எதிரே வங்கியில் வேலை செய்யும் ஒருவர். பாதி ஆட்டத்தில் சுகந்திக்கு இரண்டு கோல், அவருக்கு ஒன்றுமில்லை. என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. அவர் முகத்தைத் துடைத்தார். "சரிவராது" என்று முனகிக் கதிரையைப் பின்னே தள்ளினார். அந்த நொடியில் அவள் விரல்கள் தளர்ந்ததைக் கண்டேன். ஒரு கோல் போனது. இன்னொன்றும் போனது. "சுகந்தி!" என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆடினாள். ஆனாலும் கடைசி நிமிடத்தில் அவளுடைய கோல் காப்பாளன் தேவையில்லாமல் வெளியே ஓடிவந்தான். மூன்றுக்கு இரண்டு.

"பயந்திட்டன் தங்கச்சி. இன்னொருக்கா விளையாடுவமா?" என்று கேட்டார் வென்றவர், முகமெல்லாம் சிரிப்பாக.

பஸ் நிலையம் வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன் விட்டுக்குடுத்தீங்க?"

"சத்தியமா விடல்ல அக்கா." தன் கைகளையே பார்த்தாள். "அவர் எழும்பப் பாத்தார். கை தன்பாட்டில வேலைக்குப் போயிட்டுது."

கொழும்பு பஸ் தயாராக நின்றது. அவளை அப்படி விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குத்தான் நிற்க நேரமில்லை; சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு ஆட்கள் கூடுதலாக வருவார்கள் என்று, வாழைச்சேனை பஸ்ஸுக்கு ஓடினாள்.