கட்டைவிரலுக்குக் கீழே ஓர் எண்

கண்ணாடித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போதே அதன் ஓரத்தில் எழுதிய நோயாளியின் எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொள்கிறாள். "யாருதுன்னு தெரிஞ்சா கண்ணு அவங்க பக்கம் சாஞ்சிடும்" என்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னல், அதே விரல்.

பரிசோதனைக் கூடத்தில் அவள் பெயர் 'இன்னொருதரம் அக்கா'. மூன்று அண்ணன்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி. எதையும் ஒரே பார்வையில் நம்பமாட்டாள். "என் மருமக டம்ளரைக் கழுவினாக்கூட ரிப்போர்ட் வர ரெண்டு நாளாகும்" என்று மாமியார் சிரிப்பார்.

கர்ப்பப்பையின் உட்சவ்வில் சுரண்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் பிடிப்பதற்காகச் சூட்டில் வைத்து, பிறகு சாயம் போடுகிறாள். குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். சுரப்பிகளில் மட்டும் அது தொலைந்து வெளுத்துக் கிடந்தால், புற்றுநோய்க்கு முந்தின படியோ என்று டாக்டர்கள் யோசிப்பார்கள்.

அன்று ஒரு கண்ணாடி வெளுத்திருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து அவள் தலை நிமிரவேயில்லை. டாக்டரம்மா வாசலிலிருந்தே அவசரப்பட்டார். "ரத்தப்போக்கு நிக்கலைன்னு வந்தவங்க, முப்பத்தொரு வயசு, இன்னும் குழந்தை இல்லை. புரதம் போயிருந்தா கர்ப்பப்பையை எடுக்கறதப் பத்திப் பேசணும். வெளியில உக்காந்திருக்காங்க, குடும்மா."

"இதைக் குடுக்க மாட்டேன் மேடம். சுரப்பியச் சுத்தி இருக்கற சதையும் வெளுத்திருக்கு. அது எப்பவும் பழுப்பாகணும். தெருவே இருட்டா கெடந்தா கரண்ட் போச்சுன்னு அர்த்தம், ஒரு வீட்டைக் குத்தம் சொல்லலாமா?" குரல் இறங்கியது. "தப்பு என்னோடது. சூட்டுல வைக்கற நேரத்துல அவசரப்பட்டுட்டேன். இன்னொரு தரம் போடறேன்."

"அவங்ககிட்ட என்ன சொல்ல?"

"நாளைக்கு வரச் சொல்லுங்க. எடுக்கறத நாளைக்கும் எடுக்கலாம், எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது."

மறுநாள் புதிதாய்ச் சீவிய துண்டு. சூட்டில் வைத்தபோது கடிகாரத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இம்முறை சுற்றிலும் நல்ல பழுப்பு. நடுவே சுரப்பிகள், அவையும் பழுப்பு.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "இப்போதைக்கு எடுக்க வேணாம். மாத்திரை குடுத்துப் பார்ப்போம்."

கண்ணாடியைத் திரும்ப வாங்கியவள் ஜன்னலருகே போனாள். வழக்கம்போல் விரல் எண்ணின் மேல் இருந்தது. பிறகு அதை மெல்ல விலக்கினாள்.